காலியும் காலியும்

தெலுங்கு அறியாமல் ராமச்சந்திராபுரத்தில் வந்திறங்கிய நம்மவர் ஒவ்வொருவரிடத்தும் ஒரு கதை உண்டு. என் கதை 1984-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நிகழ்ந்தது. பி.எச்.இ.எல். தொழிற்சாலையில் நான் சேர்ந்து மூன்று திங்களே ஆகியிருந்தன. ஊர் அப்போது மேதக் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சங்காரெட்டி மாவட்டம் பிறந்தது 2016-இல் அன்றோ?

அதே தொழிற்சாலையில் பணியாற்றிய என் மைத்துனர், பட்டான்செருவில் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அப்பால், ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் பயிரிட்டு வந்தார். தஞ்சை மண் அவரை விடவில்லை. பழைய மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர் ஒன்றும் வைத்திருந்தார். சென்னை டாபே கம்பெனியில் செய்தது, எஞ்சின் சிம்ப்ஸன். "நம்மூர்ச் சரக்கு, மாப்பிள்ளை" என்று அதனைத் தட்டிக் கொடுப்பார்.

அன்று அவருக்கு இரவு ஷிப்டு. மறுநாள் காலையில் நடவுப் பெண்கள் வருவதாக ஏற்பாடு. நாற்றும் பறித்து முடிகட்டி வைத்தாயிற்று. ஏரித் தண்ணீர் முறையும் அன்றிரவோடு முடிகிறது. மீதமிருந்த ஓர் ஏக்கரைச் சேற்றுழவு செய்யும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துச் சென்றார்.

நடுவயலில் வண்டி இருமுறை இருமி நின்றுவிட்டது. டீசல் தீருமட்டும் பாராமல் ஓட்டியது என் குற்றந்தான். கேனில் இருந்ததை ஊற்றி, ஸெல்பை அழுத்தினேன். எஞ்சின் சுழன்றதேயன்றிப் பற்றவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தியதில் பாட்டரியின் குரல் தேய்ந்தது, பொழுதும் சாய்ந்தது. சேற்றில் கிடக்கும் வண்டியைத் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை.

அடுத்த வயலிலிருந்து வந்த முதியவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில், "காலி, பாபு, காலி!" என்றார். இருபது லிட்டர் ஊற்றியிருக்கக் காலி என்கிறாரே என்று எனக்குச் சினம் மூண்டது. தொட்டி மூடியைத் திறந்து, நிறைந்திருப்பதைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, வாயைக் குவித்து என் முகத்தில் ஊதினார். தெலுங்கில் காலி என்றால் காற்று என்பதை நான் கற்றது அவ்விதமே.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கத்தால் கொதிப்பேறிய காற்றினுள் டீசல் பீச்சப்பட்டுத் தானே பற்றவேண்டும். அதற்கு நாஸில் திறக்க, வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் தேவை. டீசல் எளிதில் நசுங்காது. பம்பு தள்ளினால் அத்தள்ளல் நாஸிலைச் சென்று சேரும். குழாயில் காற்றுக்குமிழி இருப்பின், அது பஞ்சுபோல் அமுங்கித் தள்ளலை விழுங்கிவிடும். தொட்டி வறண்டபோது உட்புகுந்த காற்று, மேலே டீசல் ஊற்றுவதனால் மட்டும் போய்விடாது. அதனைப் போக்குவதை நம்மூர்ப் பட்டறைகளில் 'ஏர் எடுத்தல்' என்பர். உழுகிற வண்டியில் ஏரை எடுப்பதாவது என்று தமிழாசிரியர் எவரேனும் நகைக்கக்கூடும்!

முதியவர் முதலில் வடிகட்டியின்மேல் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தார். அதன் தலையிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்திவிட்டு, எண்ணெய் ஏற்றும் சிறு பம்பின் கைப்பிடியை என்னை அசைக்கச் சொன்னார். நுரை வந்தது, பிறகு குமிழிகள், அதன்பின் தெளிந்த டீசல். ஒழுகிக்கொண்டிருக்கும்போதே ஆணியை இறுக்கினார். ஒழுக்கு நின்றபின் இறுக்கினால் காற்று மறுபடி புகுந்துவிடும். அடுத்து இரண்டாம் வடிகட்டி, அதன்பின் பெரிய பம்பு. டீசல் செல்லும் வழியே முன்னிருந்து பின்னாகச் செல்லவேண்டுமேயன்றி வரிசை மாறலாகாது.

கடைசியாக நாஸில் குழாய்களின் மூன்று நட்டுகளையும் தளர்த்தினார். அருகே நீட்டிய என் கையைத் தட்டிவிட்டார். முழு அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலையே துளைக்கும் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். இனி எஞ்சினைச் சுழற்றியாக வேண்டும். பாட்டரியிலோ உயிர் ஊசலாடுகிறது. அழுத்தினேன். முனகிச் சுழன்றது. ஒன்று, இரண்டு, மூன்று என நட்டுகளில் டீசல் கசிந்தது. அவர் ஒவ்வொன்றாக இறுக்கினார். மூன்றாவது இறுகியதும் வெண்புகை கக்கி எஞ்சின் முழங்கிற்று. அவ்வளவு இனிய ஓசையை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

நள்ளிரவு வரை உழுதேன். நான் நீட்டிய பத்து ரூபாயை முதியவர் வாங்க மறுத்துவிட்டார். என் சாப்பாட்டுத் தூக்கிலிருந்த தயிர்சாதத்தை மட்டும் உண்டு சென்றார்.

காலையில் ஷிப்டு முடிந்து நேரே வயலுக்கு வந்த மைத்துனர், நடவு நடப்பதைப் பார்த்தார். வடிகட்டியின்கீழ் வழிந்திருந்த டீசலையும் பார்த்தார்.

"டாங்கு காலியாகும்வரை ஓட்டினீர்களா, மாப்பிள்ளை?"

"ஆமாம் மச்சான், இரண்டு காலியும் ஆயிற்று" என்றேன்.