முப்பத்திரண்டு பல்

சைக்கிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இத்தனை மணி நேரத்தில் இத்தனை மைல் போனேன் என்பார்கள். இறக்கத்தில் பஸ்ஸை முந்தினேன் என்பார்கள். மெதுவாகப் போவதற்காக ஒருவன் கைப்பணத்தைச் செலவழித்துத் தன் சைக்கிளைத் திருத்திக்கொண்டான் என்று சொன்னால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். இந்த வருஷம் நான் செய்த காரியம் அதுதான். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்து முடித்துவிட்டுக் காரணத்தைக் கேட்டால் போதும்.

என் அக்காவுக்கு 71 வயது. கோத்தகிரிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், அத்தான் கட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். அத்தான் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. "என்னோடு வந்து இரு, அக்கா" என்று நானும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். "வந்துட்டா இந்தச் செடிக்கெல்லாம் யாருடா தண்ணி ஊத்துறது?" என்பாள். நீலகிரியில் வருஷத்தில் பாதி நாள் வானமே வேண்டிய தண்ணீரை ஊற்றிவிடுகிறது என்பது அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. ஆகையால் அவள் வராதபோது நான் போகிறேன். வாரத்தில் இரண்டு தடவை மாத்திரை, காபிப் பொடி, வாரப் பத்திரிகைகள் இவற்றையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவேன்.

டவுனிலிருந்து ஓடை வரைக்கும் தார் ரோடு, ஒரே இறக்கம். ஓடைக்கு அப்பால் 4 கிலோமீட்டர் சரளைப் பாதை. அந்த 4 கிலோமீட்டரில் அது 380 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. அதாவது நூறு அடி முன்னால் போனால் ஒன்பதரை அடி மேலே போயாக வேண்டும். பஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தோட்டத்து ஜீப் தன் சௌகரியம் போல் போகும், வரும். வாடகை ஜீப் அமர்த்தினாலோ, அரை மணி ஆவதற்குள் வாசலில் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். என் அக்காவைப் பற்றி அறிந்தவர்களுக்குத் தெரியும்: அவள் மனசில் இருப்பதைச் சொல்ல ஆரம்பிப்பதே இரண்டாவது தம்ளர் காபிக்குப் பிறகுதான். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அந்த இரண்டாவது தம்ளர் வருவதே இல்லை. சைக்கிளுக்கு ஹாரன் கிடையாது. காத்திருக்கும் டிரைவரும் கிடையாது. ஆகவேதான் சைக்கிள்.

இப்படி இருக்கையில் என் வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில் முணுமுணுத்தது. பிறகு சரளைப் பாதையில் உரக்கவே பேசியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "உங்க முழங்காலுக்குச் சுத்துறது நல்லது, அழுத்துறதுதான் ஆகாது. அழுத்தாம மலை ஏற வழி இருந்தா ஏறுங்க, இல்லாட்டி விட்டுடுங்க" என்றார். விட்டுவிடுவது என்றால் எதை விடுவது? டாக்டர் சைக்கிளை நினைத்துச் சொன்னார். எனக்கோ இரண்டாவது தம்ளர் காபி நினைவுக்கு வந்தது. அழுத்தாமல் ஏற வழி உண்டா என்று காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கணக்கு என்றதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நாலாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல்தான்.

என் சைக்கிளில் பெடலோடு சேர்ந்து சுற்றும் முன் சக்கரத்தில் 40 பல். பின்னால் உள்ள அடுக்கில் மிகச் சிறியதில் 11 பல், மிகப் பெரியதில் 42 பல். ஏற்றத்தில் இந்த 42-ல்தான் செயின் ஏறி உட்கார வேண்டும். நாற்பதை நாற்பத்திரண்டால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று வரும்போது பின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சற்றே குறைவாகச் சுற்றுகிறது. டயரின் சுற்றளவு 2.2 மீட்டர். ஆக, ஒரு மிதிச் சுற்றுக்கு 2.1 மீட்டர் முன்னேற்றம். நம் ஊரில் பால்காரர் ஓட்டுகிற சாதா சைக்கிளில் 28 அங்குலச் சக்கரம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். சமவெளிக்கு அது கன பொருத்தம். மலைக்கு அதைக் கொண்டு வந்தால் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இனி பாரம். நான், சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 90 கிலோ. பாதையில் செங்குத்தான இடங்களில் பத்துக்கு ஒன்று ஏற்றம். அங்கே மலை நம்மைப் பின்னுக்கு இழுக்கும் இழுப்பு 90-ல் பத்தில் ஒரு பங்கு, 9 கிலோ. சரளைக்கல் தன் பங்குக்கு ஒரு கிலோ கேட்கிறது. மொத்தம் 10 கிலோ. பெடல் ஒரு சுற்றில் சுமார் 1.07 மீட்டர் பிரயாணம் செய்கிறது. சைக்கிள் அதே சுற்றில் 2.1 மீட்டர் போகிறது. ஆகையால் பெடலின் மேல் சராசரியாக ஏறக்குறைய 20 கிலோ அழுத்தம் விழ வேண்டும். இது சராசரிதான், பெடல் கீழ்நோக்கிப் போகும்போது உச்சத்தில் இதைவிட வெகு அதிகம். முழங்கால் பேசாமல் என்ன செய்யும்?

முன் சக்கரத்தை 40 பல்லிலிருந்து 32 பல்லுக்குக் குறைத்தால், ஒரு சுற்றுக்கு 1.68 மீட்டர், அழுத்தம் 16 கிலோவுக்குள் அடங்கிவிடும். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. முன்பு 4 கிலோமீட்டருக்கு 1,900 சுற்று சுற்றினால் போதும். இப்போது 2,400 சுற்றுச் சுற்ற வேண்டும். அழுத்தத்தையும் சுற்றையும் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றே. மலை தன் பாக்கியில் காலணாகூடத் தள்ளுபடி செய்வதில்லை. ஆனால் தவணை முறைக்கு அது சம்மதிக்கிறது. இளைஞர்கள் ரொக்கமாகக் கட்டலாம். எனக்குத் தவணைதான் சௌகரியம்.

சரளைப் பாதையில் இந்தத் தவணை முறைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. தார் ரோட்டில் கியர் போதாவிட்டால் ஆசனத்தை விட்டு எழுந்து நின்று, உடம்பின் கனத்தையெல்லாம் பெடலில் போட்டு ஏறிவிடலாம். சரளையில் எழுந்து நின்றால் பின் சக்கரத்தின் மேல் இருந்த கனம் முன்னால் போய்விடுகிறது. உடனே பின் சக்கரம் பிடிப்பு இழந்து, கற்களை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். உட்கார்ந்துகொண்டுதான் ஏற வேண்டும். உட்கார்ந்தபடியே ஏறுவதற்குக் கால்கள் நிமிஷத்துக்கு ஐம்பது அறுபது தடவையாவது ஒரே சீராகச் சுற்ற வேண்டும். மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் என்பது என் ஏற்ற வேகம். பழைய பல்லில் அதற்கு 44 சுற்று. ஒவ்வொரு மிதியும் ஓர் உதை. புதிய பல்லில் 55 சுற்று. உதை இல்லை, உருளல்தான்.

"அப்படியானால் இன்னும் குறைத்துக்கொண்டே போகலாமே?" என்று கேட்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. மணிக்கு நாலு கிலோமீட்டருக்குக் கீழே வேகம் இறங்கினால் சைக்கிள் நேராக நிற்க மறுக்கிறது. ஹாண்டில்பார் இடமும் வலமும் தள்ளாடும். ஒரு முஷ்டி அளவுக் கல் போதும், கால் தரையில் ஊன்றிவிடும். ஊன்றிய இடத்தில், அந்தச் சரிவில், மறுபடி ஏறிப் புறப்படுவது ஒரு தனி வித்தை. மருந்துக்கும் அளவு உண்டல்லவா?

என் முடிவைக் கேட்டு முதலில் சிரித்தவன் அக்காவின் பிள்ளையேதான். கோயம்புத்தூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறான். "மாமா, பல்லைக் குறைக்கிறதுக்குப் பதிலா காலை பலமாக்குங்க. இந்த வேகத்திலே போனா நடந்து போறவன் உங்களை முந்திடுவான்" என்றான்.

அவனுக்கு நான் ஒரு பழைய கதை சொன்னேன். பிரான்சில் ஹென்றி தெக்ராஞ்ஜ் என்று ஒருவர் இருந்தார். 1893-ல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்த வீரர். 1903-ல் பிரெஞ்சு நாட்டைச் சுற்றும் மகா பந்தயத்தைத் தொடங்கியவர். கியர் மாற்றுவதெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று 1902-ல் பத்திரிகையில் எழுதினார். தசையின் பலத்தால் ஜயிப்பதுதான் ஜயம் என்பது அவர் கட்சி. அவர் பந்தயத்தில் ஓடியவர்கள் மலையடிவாரத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். பல மலைகளில் பாதையும் அப்போது மண்ணும் சரளையுந்தான். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கருவிக்கு 1937-ல்தான் அந்தப் பந்தயத்தில் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தின வருஷமே தெக்ராஞ்ஜ் உடல்நிலை காரணமாகப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார்.

எதிர்க்கட்சித் தலைவர் பால் தெ விவீ. செயிந்த் எத்தியேன் நகரத்தில் பட்டு வியாபாரம் செய்தவர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தினார். ஊருக்கு வெளியே 1,161 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் இருக்கிறது. அந்த ஏற்றத்திலேயே விதவிதமான கியர்களைப் பூட்டிப் பார்த்துப் பார்த்து, தாழ்ந்த கியரின் நியாயத்தை வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். வீண் பெருமைக்காகப் பெடலை மிதிக்காதீர்கள் என்பது அவர் வாசகர்களுக்குச் சொல்லிவந்த புத்திமதிகளில் ஒன்று. 1930-ல் தமது 77-ஆவது வயதில் காலமானார். அதுவும் முழங்கால் தேய்ந்து அல்ல. டிராம் வண்டி மோதி. கணவாயின் உச்சியில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்.

"தெக்ராஞ்ஜ் கணக்குப்படியும் எனக்கு உரிமை உண்டுடா. எனக்கு 58 ஆகிறது" என்றேன்.

மருமகன் விடுவதாக இல்லை. "அதெல்லாம் பழங்கதை, மாமா" என்றான். ஆகவே 2018-க்கு வந்தேன். இத்தாலியப் பந்தயத்தில் ஃபினெஸ்த்ரே கணவாய் என்று ஒன்று. 2,178 மீட்டர் உயரம். ஏற்றத்தின் கடைசி எட்டுக் கிலோமீட்டர் சரளைதான். அங்கேதான் கிறிஸ் ஃப்ரூம் எல்லாரையும் விட்டுப் பிரிந்து, மிச்சம் இருந்த 80 கிலோமீட்டரையும் தனியாகவே ஓட்டி, பந்தயத்தையே வென்றார். அவர் ஏறிய விதம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். கனத்த கியரை உதைத்து அல்ல. ஆசனத்தில் உட்கார்ந்தபடி, கால்களை விசிறி மாதிரி சுழற்றிக்கொண்டு. மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் சுத்துறதும் நீங்க சுத்துறதும் ஒண்ணா?" என்றான். ஒன்றல்லதான். ஆனால் நடந்து போகிறவன் முந்திவிடுவான் என்றானே, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. பாரத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த மேட்டில் நடந்தால் மணிக்கு மூன்று கிலோமீட்டர். அதையும் அளந்து பார்த்திருக்கிறேன்.

குன்னூரில் ஒரு சைக்கிள் கடைக்காரர். என் காகிதத்தைப் பொறுமையாகப் படித்தார். பின்னால் 51 பல் போட்டாலும் காரியம் நடக்கும். ஆனால் அதற்குச் செயினை நகர்த்தும் கருவி, ஹாண்டில்பாரில் உள்ள விசை எல்லாமே மாற வேண்டும், செலவு கூடும் என்றார். என் பழைய கிராங்கில் 32 பல் சக்கரத்தைப் பூட்ட இடமில்லை. போல்ட் துவாரங்களின் வட்டம் பெரிது. மலைச் சைக்கிளுக்கு உண்டான கிராங்கில் அந்த வட்டம் 104 மில்லிமீட்டர். அதில் 32 சரியாக உட்காரும். அதையே பூட்டினார். செயினில் நாலு கண்ணியை எடுத்தார். "சார், இறக்கத்திலே வேகம் குறையுமே, பரவாயில்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முன்பு காலை வேகமாகச் சுற்றினால் மணிக்கு 43 கிலோமீட்டர் வரை மிதித்துக்கொண்டே போகலாம். இப்போது 35-க்கு மேல் கால் வெறுமனே சுற்றும். ஆனால் 35 கிலோமீட்டர் வேகத்தில் நான் மிதித்துக்கொண்டு போக வேண்டிய இடம் இந்த நீலகிரியில் எங்கே இருக்கிறது? இறக்கத்தில் இரண்டு கையும் பிரேக்கில்தான் இருக்கின்றன.

ஜூலை மாதம் மூன்று நாள் விடாத மழை. ஓடைக்கு அப்பால் ஒரு சில்வர் ஓக் மரம் பாதையில் சாய்ந்துவிட்டது. தோட்டத்து ஜீப் திரும்பிவிட்டது. அக்காவின் டெலிபோன் இரண்டு நாளாக எடுபடவில்லை. நாலாம் நாள் காலை மழை சற்று ஓய்ந்ததும் கிளம்பினேன். சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தைக் கடந்தேன். அதற்குப் பிறகு 42-ல் செயினைப் போட்டுவிட்டுக் கடைசி வரை அதை மாற்றவே இல்லை. ஈரச் சரளையில் பின் சக்கரம் இரண்டு இடத்தில்தான் வழுக்கியது. முக்கால் மணிக்குச் சற்று மேலே ஆயிற்று.

அக்கா கம்பளியைப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அடுப்பு மூட்டியும் ஒரு நாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜீப்பே வரலையே, நீ எப்படிடா வந்தே?"

"எல்லாம் 32 பல்லாலே, அக்கா" என்றேன். சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"கொடுத்து வச்சவன்டா நீ. எனக்குப் பாக்கி பதினொண்ணுதான்" என்றாள். பிறகு, "பாலில்லே. கடுங்காப்பி போடறியா?" என்று கேட்டாள்.

போட்டேன். இரண்டு தம்ளர் குடித்தாள். அத்தானைப் பற்றி, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அதை இங்கே எழுதுவதற்கில்லை.