இடுப்பில் இல்லாத ஒரு கிலோ

பிஸ்டலை ஒப்படைப்பது சுலபம். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். மணல் நிரப்பிய தொட்டியின் பக்கம் குழலைத் திருப்பி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, அறைக்குள் தோட்டா தங்கவில்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரவுண்டுகளை மேசைமேல் வரிசையாக நிறுத்தி எண்ணிக் காட்ட வேண்டும். பதிவேட்டில் ஆயுத எண், ரவுண்டு எண்ணிக்கை, நேரம், கையெழுத்து. 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று நாங்கள் சொல்லும் ஆயுத அறையின் கம்பிக்கதவைச் சாத்திவிட்டால் வேலை முடிந்தது. இதெல்லாம் பயிற்சியில் உண்டு. கதவு சாத்திய பிறகு, வெறும் இடுப்போடு பஸ் ஏறி ஊர் போய்ச் சேருவது எப்படி என்பதற்கு மட்டும் பயிற்சி கிடையாது.

தமிழ்நாடு காவல்துறையில் பி.எஸ்.ஓ.வாக, அதாவது தனிப்பாதுகாவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜனங்கள் வாயில் 'கன்மேன்'. ஆயுதப்படையில் சேர்ந்து, பிறகு பாதுகாப்புப் பிரிவுக்குப் போய், சர்வீஸில் பெரும்பகுதியை யாராவது ஒருவருக்கு இரண்டடி பின்னால் நின்றே கழித்தேன். யாருக்கு நின்றேன் என்பது இங்கே தேவையில்லை. சொந்த ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், பாலாற்றுக்கு வடகரையில் இருக்கிறது.

என்னிடம் அதிக காலம் இருந்தது 9 எம்.எம். பிஸ்டல் ஆட்டோ 1ஏ. பெல்ஜியத்தில் 1935இல் வந்த பிரௌனிங் ஹை-பவரின் வடிவம். மேற்கு வங்கத்து இஷாபூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது. மேகசினில் 13 ரவுண்டு. நிரப்பிவிட்டால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். அந்த ஒரு கிலோவை வெளியே தெரியாமல் சுமப்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். சட்டை ஒரு சைஸ் பெரிதாக இருக்க வேண்டும், இன் பண்ணக்கூடாது. மெல்லிய துணி கூடாது, காற்றடித்தால் அச்சு தெரியும். பெல்ட் தடித்ததாக இல்லாவிட்டால் மாலைக்குள் பேன்ட் ஒரு பக்கம் இறங்கிவிடும். காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்தான் எங்களுக்கு. அங்கே சீட் பெல்ட்டின் கொக்கி வந்து மாட்டுவது சரியாக வலது இடுப்பில், ஹோல்ஸ்டர் இருக்கும் இடத்தில். இறங்கும்போது இரண்டும் சிக்கிக்கொள்ளாமல் கதவு திறந்த நொடியில் வெளியே நிற்க வேண்டும். இதைப் பழகவே புதுப் பையன்களுக்கு நாள் பிடிக்கும்.

வலது கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். குடை, பை, போன், டீ கிளாஸ் எல்லாம் இடது கையில். இதில் நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. கோயிலில் விபூதி நீட்டினால் இடது கையை நீட்ட முடியுமா? தாம்பூலத்தை இடது கையால் வாங்க முடியுமா? அதனால் எதையும் வாங்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். 'கன்மேனுக்கு இருக்கிற திமிரைப் பாரு' என்று காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை.

பிஸ்டல் என்னைக் காத்ததா என்று கேட்டால் பதில் சொல்ல யோசிப்பேன். நான் அதைக் காத்தேன் என்பதை யோசிக்காமல் சொல்வேன். கூட்டத்தில் நெருக்கி நிற்கிறவன் பர்ஸுக்கு வருகிறானா, பிஸ்டலுக்கு வருகிறானா என்று பார்க்க வேண்டும். ரயிலில் படுத்தால் பிஸ்டலின் லேன்யார்ட் கயிற்றை உடம்போடு கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். கழிப்பறைக்குப் போனாலும் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி கூடவே வரும். விடியற்காலை நிகழ்ச்சி என்று அது வீட்டுக்கு வந்த இரவுகளில் பீரோ சாவி என் தலையணைக்கடியில் இருக்கும். பிள்ளைகள் அந்த அறைக்குள் வரக்கூடாது. ஒரு ரவுண்டு குறைந்தாலே விசாரணை, ஆயுதம் தொலைந்தால் சஸ்பென்ஷன். ஒரு வி.ஐ.பி.க்கு ஒரு காவலன் என்று கணக்கு எழுதுவார்கள். உண்மையில் அவனுக்குக் காவல் காக்க இரண்டு இருக்கும்.

ஆக, லீவு கிடைத்து அதை ஒப்படைத்த நாளில் மனசு லேசாக வேண்டும். ஆகாது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் வலது முழங்கை தானாக விலாவை ஒட்டி வந்து இடுப்பை ஒரு முறை தட்டிப் பார்க்கும். எங்கள் தெரு நெசவாளிகளுக்கு, தறியை விட்டு எழுந்து வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும் கால் மிதியைத் தேடும். அந்த மாதிரிதான். முழங்கைக்கு ஒன்றும் தட்டுப்படாத அந்த நொடியில் வயிற்றில் ஒரு குழி விழும். எங்கேயோ விட்டுவிட்டோம் என்ற பதைப்பு. ஒப்படைத்தது நினைவுக்கு வந்ததும் அது அடங்கும். அடங்கிய இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும்: இப்போது யாராவது வந்தால்?

யார் வரப்போகிறார்கள்? எனக்கென்று விரோதி யாரும் இல்லை. அது என் புத்திக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பின் சீட்டில் இருப்பவன் துண்டுக்கடியில் கையை வைத்திருக்கிறான், ஏன்? காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் பைக்கை அணைக்காமல் நிற்கிறானே, யாருக்காக? வேலையில் இந்தக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு உண்டு: வி.ஐ.பி.யை இழுத்து மறைப்பது, காரில் தள்ளுவது, கடைசியாக இடுப்புக்குக் கை போவது. வெறும் ஆளாக இருக்கும்போது கேள்வி மட்டும் வரும், முடிவு வராது. இடுப்பிலிருந்து ஒரு கிலோ இறங்கிவிட்டது, கண்ணிலிருந்து ஒரு குன்றிமணி எடைகூட இறங்கவில்லை. ஆயுதம் இல்லாதவனின் பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். சாதாரண ஆளுக்கு இந்தப் பயம் கிடையாது. எங்களைப் போல் ஆயுதத்தோடு பழகிய கண்ணுக்கு மட்டும் வருவது இது.

அமெரிக்காவில் ஜெசிகா விட், ஜேம்ஸ் பிராக்மோல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2012இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலர் கையில் பொம்மைத் துப்பாக்கி, சிலர் கையில் பந்து. திரையில் தோன்றும் ஆள் வைத்திருப்பது துப்பாக்கியா, வேறு பொருளா என்று சட்டென்று சொல்ல வேண்டும். துப்பாக்கி பிடித்திருந்தவர்கள்தான் சாதாரணப் பொருளையும் துப்பாக்கி என்று கூடுதலாகச் சொன்னார்கள். பக்கத்தில் துப்பாக்கி வெறுமனே கிடந்தபோது அப்படி ஆகவில்லை, கையில் பிடித்தபோதுதான் ஆனது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. சில நிமிடம் பொம்மையைப் பிடித்தவர்களுக்கே அப்படி என்றால், வருஷக்கணக்கில் நிஜத்தோடு குடும்பம் நடத்தியவன் கதி என்ன?

சட்டையின் கீழ் துப்பாக்கி மறைத்து நடப்பது அந்த நாட்டில் பல மாநிலங்களில் லைசென்ஸே தேவைப்படாத காரியம். 2022 ஜூன் 23 அன்று அங்கத்து உச்ச நீதிமன்றம் வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதும் அரசியல் சாசன உரிமை என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அது உரிமை இல்லை, அனுமதி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மாவட்டத்தில் கலெக்டர் மனசு வைத்தால் கிடைக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆளுக்கு இரண்டு ஆயுதம் வரைதான்.

அனுமதி என்பதால் திரும்பக் கேட்கவும் செய்வார்கள். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்தாரர்கள் ஸ்டேஷனில் ஆயுதத்தை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியிருக்கும். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கு உண்டு. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று அறிவிப்பு, தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, எண்ணிக்கையோ ஜூன் 4. உத்திரமேரூர்ப் பக்கம் நெல் மில் வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். அறுவடைக் காலத்தில் ரொக்கத்தோடு அலைகிறவர், அதற்காகக் கான்பூர் .32 ரிவால்வர் வாங்கியவர். ஒப்படைத்துவிட்டு வந்த அன்றைக்கே போன் பண்ணினார்: "இன்னா சார், தெருவுல துணியில்லாம நிக்கிற மாதிரி இருக்குது."

"இதுவரைக்கும் அதை வெளியே எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்ததே இல்ல சார். இருக்குதுன்னு ஒரு தெம்பு."

அந்த மாதங்களில் அவர் செய்தவற்றைக் கேளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுத்தார். ரொக்கம் தவிர்க்க முடியாத நாளில் மச்சான் மகனைக் கூட அழைத்துப் போனார். ஒரே நேரத்தில் ஒரே வழியில் போவதை நிறுத்தினார். கிளம்பும்போதும் சேரும்போதும் வீட்டுக்குப் போன் செய்தார். பாதுகாப்புப் பயிற்சியில் எங்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம் முழுக்க அதுதான். ரிவால்வர் இடுப்பில் இருந்தவரை இதில் ஒன்றைக்கூட அவர் செய்ததில்லை. ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. ஜூனில் ரிவால்வர் கைக்கு வந்த இரவுதான் நன்றாகத் தூங்கினேன் என்றார். பழைய பழக்கங்களும் கூடவே திரும்பிவிட்டன.

நம் பக்கத்தில் ஆபத்து பெரும்பாலும் அரிவாளோடு வரும், அதுவும் கிட்டத்தில். 2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டது கோயில் அலுவலகத்துக்குள்ளேயே. கத்தியோடு வருகிறவன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான் என்று அமெரிக்கக் காவலர் டென்னிஸ் டியூலர் 1983இல் எழுதினார். அந்த ஒன்றரை நொடியில் சட்டையைத் தூக்கி, உறையின் பட்டனை விடுவித்து, உருவி, சேஃப்டியைத் தட்டிக் குறிபார்ப்பது தினமும் பழகுகிறவனுக்கே இழுபறி. நம் பஸ் நிலையத்தில் 21 அடி இடைவெளி யாருக்குக் கிடைக்கும்?

எங்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியோடு அவருடைய தனிப்பாதுகாவலர் பிரதீப் குமார் குப்தாவும் இறந்தார். கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்த பெண் உதவி ஆய்வாளர் அனுசுயா படுகாயத்தோடு பிழைத்தார். அங்கே சுடுவதற்கு ஒருவரும் கண்ணுக்குப் படவில்லை. மாலையோடு வந்து காலைத் தொடக் குனிந்த ஒரு பெண் மட்டும்தான். அன்று நடந்ததை மாற்றியிருக்கக்கூடியது இடுப்பில் இருந்ததல்ல. யார் எவ்வளவு அருகில் வரலாம் என்ற ஒழுங்கு. 1984இல் இந்திரா காந்தியைச் சுட்டதோ, காவலுக்கென்று கொடுத்த ஆயுதங்களே. எங்கள் தொழிலில் நல்ல நாள் என்பது பிஸ்டலுக்கு வேலை வராத நாள். அதற்கு வேலை வந்துவிட்டால், அதற்கு முன்னால் செய்ய வேண்டிய நாலைந்து காரியங்கள் தவறிவிட்டன என்று பொருள்.

ஓரிக்கையில் இறங்கினால் டீக்கடையிலிருந்து குரல் வரும்: "இன்னா ஏட்டய்யா, லீவா?" ஆரம்பத்தில் அது எனக்குப் பிடிக்காது. நான் வந்திருப்பது இத்தனை பேருக்குத் தெரிவது பாதுகாப்புக் கணக்கில் தப்பு. பிற்பாடு அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வந்தவன் யார், எத்தனை மணிக்கு வந்தான், கையில் என்ன பை என்று தெருவுக்கே தெரிகிறது. முகம் தெரியாத ஒருவன் தெருமுனையில் கால் மணி நேரம் நின்றால், "யாரு வேணும் தம்பி?" என்று ஒரு கிழவி போய்க் கேட்டுவிடுகிறாள். சென்னையில் அந்தக் கேள்வியைக் கேட்க நாங்கள் ஷிப்ட் போட்டு ஆள் நிறுத்துவோம். விடிவதற்குள் பூ எடுக்கப் போகிற பெண்ணும், பட்டு நூலையும் ஜரிகையையும் மடியில் கட்டிக்கொண்டு வருகிற நெசவாளியும் இந்தக் காவலை நம்பித்தான் நடக்கிறார்கள். இது எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பிஸ்டலும் எப்போதும் பலிப்பதில்லை.

கல்யாண வீட்டில் சுவரோரமாக, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவேன். "இன்னும் டூட்டி முடியலையா உங்களுக்கு?" என்பாள் என் மனைவி. வம்படியாக நடு வரிசையில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பாள். முதலில் பந்தியில் சோறு இறங்காது. பழகப் பழக இறங்கியது. விபூதியை வலது கையில் வாங்கவும் அப்படித்தான் பழகினேன். லீவில் போகிற இளம் பி.எஸ்.ஓ. பையன்களுக்கு இதையே சொல்கிறேன். பயம் வருவதில் வெட்கமில்லை, அது தொழில் தந்தது. அதற்கு மருந்து தேடி இன்னோர் ஆயுதத்திடம் போகாதே. முதுகைக் காட்டி உட்காரப் பழகு, அதுவும் பயிற்சிதான்.

ஓய்வு பெற்ற பிறகு லைசென்ஸ் பற்றிக் கேட்டுக்கொண்டு சில வியாபாரிகள் வருகிறார்கள். விண்ணப்பம், பயிற்சிச் சான்று, காவல்துறை விசாரணை, பொது இடத்தில் உறையிலிட்டு மறைத்தே கொண்டுபோக வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டின் விதி, எல்லாம் சொல்கிறேன். உண்மையிலேயே மிரட்டல் இருப்பவர்களைத் தடுப்பதில்லை. மற்றவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: இரவும் பகலும், தூங்கும்போதும் குளிக்கும்போதும், உங்கள் துப்பாக்கிக்குக் காவலாக யாரை நிறுத்தப் போகிறீர்கள்?