நான் எழுதிய மனு



முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் எவருக்கேனும் விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் என்னைத் தேடித்தான் வருவார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், சாய்ந்து நிற்கும் மின்கம்பம் என்று எத்தனையோ மனுக்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று மட்டும் இன்றளவும் என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2013 ஜனவரி மாதம். இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஜமாஅத் பெரியவர்கள் சிலர் எனக்காகக் காத்திருந்தனர். கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' வெளிவரவிருந்த நேரம் அது. படத்தை முன்கூட்டியே பார்த்த சமுதாயத் தலைவர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள் என்ற செய்தி ஊரெங்கும் பரவியிருந்தது. "மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுக்க வேண்டும். நல்ல தமிழில் நீங்கள்தான் எழுதித் தர வேண்டும், வாத்தியாரே" என்றார்கள்.

அன்றிரவே எழுதினேன். எங்கள் மனம் புண்பட்டிருப்பதைக் குறிப்பிட்டேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். மனுவுக்கு வலுச் சேர்க்க விரும்பி, இப்படம் திரையிடப்பட்டால் சட்டம் ஒழுங்கு கெடும், அதற்கு நாங்கள் பொறுப்பேற்க இயலாது என்றும் சேர்த்தேன். பெரியவர்கள் அந்த வரியைத்தான் மிகவும் பாராட்டினார்கள். படத்தை நான் பார்த்திருக்கவில்லை. மனுவில் கையொப்பமிட்டவர்களில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

அதன்பின் நடந்தவை நீங்கள் அறிந்தவையே. ஜனவரி 25 அன்று வெளியாகவேண்டிய படத்திற்கு, 144ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியர்கள் 15 நாள் தடை விதித்தனர். உயர் நீதிமன்றத்தில் ஒரு நாள் நீங்கிய தடை மறுநாள் மீண்டு வந்தது. இறுதியில் பேச்சுவார்த்தை நடந்து, சில இடங்களில் ஒலியை நீக்க உடன்பாடு ஏற்பட்டு, பிப்ரவரி 7 அன்று படம் தமிழகத்தில் வெளியாயிற்று.

அந்த நாள்களில் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்தப் படத்தில் அப்படி என்னதான் தவறாகக் காட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை. அறிய விரும்பியே கேட்டான். என்னால் விடை சொல்ல முடியவில்லை. "பாடத்தைக் கவனி" என்று அமர்த்திவிட்டேன். பல மாதங்கள் கழித்துத் தொலைக்காட்சியில் அப்படத்தைப் பார்த்தேன். கதைநாயகனும் ஒரு முஸ்லிம் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆயினும் இறைவசனம் ஓதும் குரலும் கொலையும் ஒரே மூச்சில் வரும் காட்சிகள் என்னைக் காயப்படுத்தவே செய்தன. காயம் உண்மை. அந்தக் காயத்தை அந்த மாணவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நானோ ஆட்சியருக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

ஈராண்டுகள் கழிந்தன. 2015 ஜனவரியில், எழுத்தாளர் பெருமாள்முருகன் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். அவருடைய 'மாதொருபாகன்' நாவல் தங்கள் ஊரையும் சாதியையும் வழிபாட்டையும் இழிவுபடுத்துவதாகத் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி நடந்தது. நூலின் படிகள் எரிக்கப்பட்டன. அதிகாரிகள் முன்னிலையில் நடந்த கூட்டத்தில் அவர் பணிய நேர்ந்தது. நான் கொதித்தேன். ஆசிரியர் அறையில் அமர்ந்து, எழுத்தாளரின் உரிமை பற்றி உரக்கப் பேசினேன்.

என்னுடன் பணியாற்றிய இளம் தமிழாசிரியர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தயங்கியபடியே, "ஐயா, அவர்களும் மனம் புண்பட்டது, சட்டம் ஒழுங்கு கெடும் என்றுதானே சொல்கிறார்கள்? ஈராண்டுகளுக்கு முன் நீங்கள் எழுதிய மனுவிலும் அவைதானே இருந்தன?" என்றார்.

சினிமாவுக்கும் நாவலுக்கும் வேறுபாடு உண்டு என்றேன். சிறுபான்மையினரின் அச்சமும் பெரும்பான்மையினரின் சினமும் ஒன்றல்ல என்றேன். இரண்டாவது கூற்றை இன்றும் நம்புகிறேன். ஆனால் அவர் கேட்டது அதுவன்று. வன்முறை நேரும் என்று அச்சுறுத்தி ஒருவரின் வாயை அடைப்பது முறையா என்பதே அவர் வினா. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அந்த வினா என்னைப் பழைய வரலாறுகளைப் படிக்கத் தூண்டியது. 1920களில் லாகூரில், நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் நூலொன்று வெளியானது. அதன் பதிப்பாளர் 1927இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். முஸ்லிம்கள் கொந்தளித்தனர். அவ்வாண்டே தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டம் வந்த பின்னரும், 1929இல் அந்தப் பதிப்பாளர் குத்திக் கொல்லப்பட்டார்.

நம் முன்னோர் கேட்டுப் பெற்ற அச்சட்டம் பின்னாளில் யார்மீது பாய்ந்தது? 2021 ஜனவரி முதல் நாள் இந்தூரில், முனவ்வர் ஃபாரூக்கி என்ற இளம் நகைச்சுவைக் கலைஞர் இந்துத் தெய்வங்களை இழிவுபடுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு அதே பிரிவின்கீழ் கைதானார். உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை வழங்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். நாம் கேட்கும் பூட்டு நம் வீட்டுக் கதவிலும் பொருந்தும் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

காக்கப்பட்ட வரலாறும் உண்டு. ஓவியர் எம்.எஃப். ஹுசைன்மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை 2008இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்தவர் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல். அவரே 2016 ஜூலை 5 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக, பெருமாள்முருகனுக்கு எழுத்தை மீட்டுத் தந்த தீர்ப்பையும் வழங்கினார். ஒரு முஸ்லிம் ஓவியரைக் காத்த கொள்கைதான் ஓர் இந்து எழுத்தாளரையும் காத்தது. நமக்கு வேண்டியபோது எடுத்துக்கொண்டு, வேண்டாதபோது எறிந்துவிட அது நம் சட்டைப்பையில் கிடக்கும் நாணயமன்று.

இவ்வாறு சொல்வதால், எவரும் எதையும் பேசலாம், கேட்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்சியில் நான் சேர்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். இன்று 'அரசியல் சரி' என்ற சொல்லைக் கேலியாகப் பயன்படுத்துவோர் பெருகிவிட்டனர். வாய்திறந்தாலே குற்றம் என்கிறார்கள். ஒரு நகைச்சுவைக்குக்கூட இடமில்லையா என்கிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கொன்று உண்டு. என் பேரனிடம் வகுப்புத் தோழன் ஒருவன், "உன் பையில் குண்டு இருக்கிறதா?" என்று கேட்டுச் சிரித்தான். பேரனும் உடன் சிரித்தான். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. திரைப்படங்களில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் தாடியும் தொப்பியும் துப்பாக்கியும் இறுதியில் வந்து சேரும் இடம், சோற்றுத்தட்டின் முன் தலைகுனிந்திருக்கும் ஒரு சிறுவன்தான். சொல்லை அளந்து பேசுங்கள் என்று கேட்பது அவனுக்காக.

ஆனால் அந்தக் கோரிக்கையைப் பிறரிடம் வைக்குமுன் நம் நாவையும் பார்க்க வேண்டாமா? முப்பது ஆண்டுகளுக்கு முன் இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்தை இன்றும் 'நவ்முஸ்லிம் வீடு' என்றே சுட்டுகிறோம். முடிதிருத்தும் குடும்பத்தாரைச் சில ஊர்களில் எவ்வாறு விளித்தோம் என்பதை நம் மனச்சாட்சி அறியும். நபித்தோழர் அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசியபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்று நபிகளார் (ஸல்) கண்டித்தார்கள். ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் குர்ஆன் (49:11) தடுக்கிறது. பிறர் வணங்குபவற்றை ஏசுவதையும் (6:108) அது தடுக்கிறது. இக்கட்டளைகள் என் நாவுக்கு இடப்பட்டவை.

நம்மிடையே வாழ்ந்து 2017இல் மறைந்த தக்கலைக் கவிஞர் எச்.ஜி. ரசூலையும் நினைக்கிறேன். அவர் எழுத்துகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு 2007இல் கிடைத்த விடை ஊர்விலக்கம். ஒரு கட்டுரைக்கு மறுகட்டுரை எழுதும் அறிஞர்கள் நம்மிடம் இல்லாமற்போனார்களா?

இறைவசனங்கள் பரிகசிக்கப்படுவதைக் கேட்டால், பேச்சு வேறு பொருளுக்கு மாறும்வரை அவர்களுடன் அமராதீர்கள் என்று குர்ஆன் (4:140) வழிகாட்டுகிறது. இதை எத்தனையோ முறை ஓதியிருந்தும், 'மாறும்வரை' என்னும் எல்லையை நான் கவனித்ததில்லை. எழுந்து செல்லச் சொல்லும் வசனம், திரும்பி வந்து அமரவும் இடம் வைத்திருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் தெருத் தம்பி ஒருவர் கைபேசியுடன் ஓடிவந்தார். நம் பெண்களின் உடையைக் கொச்சையாகப் பரிகசிக்கும் காணொளி அதில் இருந்தது. காவல்துறைக்குப் புகார் எழுதித் தருமாறு கேட்டார். யாரையேனும் தாக்கத் தூண்டும் பேச்சாக இருந்திருந்தால் அக்கணமே எழுதியிருப்பேன். இது பரிகாசம் மட்டுமே. "புகார் வேண்டாம், தம்பி. உங்கள் அக்காவிடம் கேட்டு, அவர் சொல்லும் விடையை எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்" என்றேன். அவருக்கு மனவருத்தம்தான். ஆயினும் இரண்டு நாள் கழித்து, அக்காவே எழுதிய மூன்று பக்கங்களைக் கொண்டுவந்தார். நான் திருத்தியவை சில ஒற்றுப்பிழைகள் மட்டுமே. அதைப் படித்து அந்தக் காணொளிக்காரர் மனம் மாறினாரா என்பதை அறியேன். அந்தச் சகோதரியின் குரலை நான்கு பேர் கேட்டார்கள் என்பதை அறிவேன்.

என்னிடம் வினா கேட்ட அந்த மாணவன் இப்போது எங்கிருக்கிறானோ. இதை அவன் படிக்க நேர்ந்தால், பிந்தி வந்த விடையாக ஏற்றுக்கொள்ளட்டும்.

வல்ல இறைவன் நம் நாவுகளையும் எழுதுகோல்களையும் நேர்மையின்மீது நிலைநிறுத்துவானாக. வஸ்ஸலாம்.