கசகசாவின் பூ

ஆச்சி கசகசா அரைக்கிற அழகே தனி. வெந்நீரில் ஊறியதை அம்மியில் வைத்ததும் குழவிக்குப் பிடிகொடுக்காமல் நழுவும். ஓரத்துக்கு ஓடி நாலு மணி ஒட்டிக்கொள்ளும். விரல் நுனியால் ஒற்றியெடுத்து நடுவில் சேர்ப்பாள். இரண்டு தேங்காய்ச் சில்லைக் கூட வைத்தால்தான் மசியும். அந்த வெள்ளை விழுது விழுந்தால்தான் ஞாயிற்றுக்கிழமைக் குருமா குருமாவாகும்.

"ஆச்சி, இதோட பூ எப்படி இருக்கும்?"

"கடையில மணியாத்தான விக்கான். பூவை யாருல கண்டா?"

காயை நாட்டுமருந்துக் கடையில் பார்த்தேன். போஸ்தக்காய் என்றார் கடைக்காரர். தலையில் சின்னக் கிரீடம் வைத்த காய்ந்த குடுக்கை. காதோரம் குலுக்கினால் உள்ளே கசகசவென்று சத்தம். பேர் வந்தது இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். பெரிய பிழையில்லை. அரபியில் அது கஷ்காஷ். சலசலப்பைச் சொல்லும் வினையும் அங்கே அதே ஒலிதான். போஸ்த் என்றால் பாரசீகத்தில் தோல். காயின் பாலுக்குப் பேர் அபின், கிரேக்கத்திலிருந்து கிளம்பி அரபு வழியாக வந்த சொல். மூலத்தில் வெறும் சாறு. மணிக்கொரு பேர், தோலுக்கொரு பேர், பாலுக்கொரு பேர். பூவுக்கு மட்டும் எங்கள் அடுக்களையில் பேரே கிடையாது.

ஆங்கிலத்தில் அது பாப்பி. பாப்பி என்றால் சிவப்பு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். முதல் உலகப் போரில் மாண்டவர்கள் நினைவாக, நவம்பர் 11 அன்று வெள்ளைக்காரர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பூ. அது ஐரோப்பிய வயல்களில் தானாக முளைப்பது, வேறு செடி. மத்தியப் பிரதேசத்தில் மந்தசௌர், நீமச் பக்கம் அரசு உரிமம் வாங்கிப் பயிரிடும் கசகசாச் செடி பெரும்பாலும் வெள்ளையாகப் பூக்கும். இதழ் உதிர்ந்ததும் பச்சைக்காயைக் கீறிப் பால் எடுப்பார்கள். அந்தப் பால்தான் உறைந்து அபினாகிறது. காய் காய்ந்தபின் உதிரும் மணி மளிகைக்கடைக்கு வருகிறது. அந்த வெள்ளைப் பூவை ஒரு படத்தில் நான் பார்த்தபோது ஆச்சி போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

அபினிலிருந்து பிரித்த மருந்துக்குக் கனவுகளின் கிரேக்கத் தெய்வமான மார்ஃபியஸின் பேரைச் சூட்டி மார்ஃபின் என்றார்கள். புற்றுநோய் முற்றிய கடைசி மாதத்தில் ஆச்சிக்கு வேளாவேளைக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தது நான்தான். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் முனகல் அடங்கும். அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்று ஆச்சி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு அப்போது தெரியாது.