தண்ணீருக்கு நடுவே திருவருகைக் காலம்

தூத்துக்குடி, 2023

டிசம்பர் 3, ஞாயிறு

கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. பூசையில் முதல் ஊதாத் திரியை ஏற்றினார்கள். இனி ஞாயிறுகளில் வானவர் கீதம் கிடையாது. கிறிஸ்து பிறப்பு இரவில் மறுபடி பாடுவோம். அந்தப் பாட்டு இல்லாத வெறுமை எனக்குப் பிடிக்கும். யாருக்கோ இடம் போட்டு வைத்த மாதிரி இருக்கும். இன்றைய வாசகம் மாற்கு நற்செய்தியிலிருந்து: தலைவர் எந்நேரம் வருவாரோ என்று விழித்திருக்கும் வாயில்காவலர். இந்த ஆண்டு நான்காம் ஞாயிறே 24ஆம் தேதி. அதனால் இந்தக் காலம் மொத்தம் 22 நாள்தான், இதைவிடக் குறுகவே முடியாது.

டிசம்பர் 9, சனி

மறைக்கல்விப் பிள்ளைகளோடு குடில் வேலை. அசிசி பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோவில் குடில் அமைத்து 800 ஆண்டு ஆகிறது. தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, கழுதை, அவ்வளவுதான் என்று சொன்னேன். பாலன் சொரூபத்தை இப்போதே வைத்தால் என்ன என்று ஒரு பையன் விடாமல் கேட்டான். 24 ராத்திரிதான் என்றேன். போகும்போது வைக்கோலை ஒரு தடவை தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனான்.

டிசம்பர் 17, ஞாயிறு

மகிழ்ச்சி ஞாயிறு, இளஞ்சிவப்புத் திரி. பேய்மழை, கோயிலுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அக்கா மகன் பரீட்சைக்காகத் திருச்செந்தூரிலிருந்து ராத்திரி ரயிலில் சென்னை போகிறான். தெருவில் முழங்கால் தண்ணீர்.

டிசம்பர் 18, திங்கள்

மாடியில் எழுதுகிறேன். கரண்ட் இல்லை, போனும் செத்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாரும் இங்கேதான். முன்னிரவில் படிக்கட்டில் டார்ச் அடித்து, தண்ணீர் எந்தப் படிக்கு வந்திருக்கிறது என்று பார்த்தபடி விழித்திருந்தோம். கடற்கரையிலிருந்து வள்ளங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள் என்று யாரோ கத்திச் சொன்ன பிறகு, வள்ளத்துக்காக விழித்திருந்தோம். இருட்டு அதே இருட்டுதான். ஆனால் அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஆச்சி எழுந்து, பேரப்பிள்ளைகளின் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

டிசம்பர் 20, புதன்

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழையாம். அக்கா மகன் போன செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது, ஏறத்தாழ 800 பேரோடு. இரண்டு நாள் அக்கா சாப்பிடவில்லை. நேற்று மீட்டுவிட்டார்கள், இன்று அவன் குரலைக் கேட்டோம். முதலில் சொன்னது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்களைப் பற்றித்தான். வெள்ளத்துக்கு நடுவே, தங்களிடம் இருந்த அரிசியைப் பொங்கி ரயிலில் வந்தவர்களுக்குப் போட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 24, ஞாயிறு

காலையில் நான்காம் திரி, இரவில் பிறப்புப் பூசை. குடில் வைக்கோல் அழுகிவிட்டது. அந்தப் பையனே எங்கிருந்தோ காய்ந்த வைக்கோல் கொண்டுவந்தான். எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்தாலும், ஏரல் பக்கம் இன்னும் உதவி எட்டாத வீடுகள் இருக்கின்றன. அரிசி, பாய், தீப்பெட்டி எல்லாம் பொட்டலம் கட்டியாயிற்று. அக்கா மகன் நேற்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தான். நாளைக் காலை லாரியில் அவனும் போகிறான். வழியில் புதுக்குடியில் இறங்க வேண்டுமாம்.