நாற்பது புள்ளியும் ஒரு மீனும்

கைக்குழந்தைக்கு ஒரு விரிப்புத் தைப்பதில் அப்படி என்ன பெரிய ஆலோசனை வேண்டியிருக்கிறது என்று நேயர்கள் கேட்கக்கூடும். நாங்களும் முதலில் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால், அவ்விரிப்பில் எந்த உருவத்தைத் தைப்பது என்னும் கேள்வி எங்கள் இல்லத்திலும் சம்பந்தி இல்லத்திலும் ஏறக்குறைய ஒரு மாத காலம் நிம்மதியைக் குலைத்துவிட்டது.

நாங்கள் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது 1976ஆம் ஆண்டில். 2001ஆம் ஆண்டில் நகரம் கொல்கத்தா ஆயிற்று. நாங்கள் லேக் மார்க்கெட்டை விட்டு நகரவில்லை. எங்கள் ஒரே மகள் வங்காளிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். சம்பந்தியம்மாளை வங்காளத்தில் ‘பேயான்’ என்று அழைக்க வேண்டும். திருமணப் பேச்சின்போது அந்த அம்மாள் முகம் மலர எங்களை நோக்கி, “வாருங்கள், பேயான்!” என்றபோது எங்கள் செவிகள் பட்ட பாட்டைத் தமிழ் அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இப்போது பழகிவிட்டது. எங்களில் ஒருவர் அவருக்குப் பேயான், மற்றவர் பேயாய்.

மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வளைகாப்பு நம் வழக்கப்படி நடந்தேறியது. ‘ஷாத்’ என்னும் விருந்து அவர்கள் வழக்கப்படி நடந்தேறியது. அதற்கு மறுநாள் பேயான் ஒரு துணிமூட்டையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளை பிறக்குமுன் புதுத்துணி வாங்கலாகாது என்பதில் இரு வீட்டாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. பழந்துணியில் காந்தா தைப்பதற்கு அந்தத் தடை இல்லை என்றார் அவர்.

காந்தாவை இங்கே வாழும் நம்மவர் பலரும் அறிவர். பழம்புடைவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் எளிய தையலால் இணைப்பது அது. தைக்கும் நூலையும் கடையில் வாங்குவதில்லை. பழைய புடைவையின் கரையிலிருந்து இழை இழையாக உருவி எடுப்பது பண்டை வழக்கம். நடுவில் தாமரை, நான்கு மூலைகளிலும் ‘கல்கா’ அல்லது மரம். இடையில் யானை, தேர், மீன் என்று தைப்பவரின் மனம் போல வரும். குருசதய் தத்தர் (1882–1941) வங்கக் கிராமங்களில் தேடித் திரட்டிய காந்தாக்களை ஜோக்காவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் முன்பொரு முறை கண்டு வியந்திருக்கிறோம். கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைக்காவியத்தில், கணவனைப் பிரிந்த பெண் தன் துயரக் கதை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து, அதைத் தன் சமாதியின்மேல் விரிக்கச் சொல்கிறாள். நம் ‘கந்தை’யும் அவர்களுடைய ‘காந்தா’வும் ஒரே வடசொல்லின் வழி வந்த உடன்பிறப்புக்கள். நாம் கந்தையை எறிந்துவிட்டோம். அவர்கள் அதில் காவியம் எழுதினார்கள்.

பேயானின் மூட்டையில் இருந்தது அவருடைய தாயாரின் சிவப்புக்கரை வெள்ளைப் புடைவை. “உங்கள் பக்கத்துப் புடைவை ஒன்று கொடுங்கள்” என்றார்.

எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று: அம்மாவின் அரக்கு நிறச் சுங்குடி. 1978ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் எங்கள் தரைத்தளத்துக் குடியிருப்பில் இடுப்பளவு நீர் ஏறியபோது, மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு அம்மா தம் தலைமேல் வைத்து மாடிக்குக் கொண்டுசென்ற தகரப்பெட்டியில் இருந்தது அது. துணியில் சிறு சிறு முடிச்சாக நூலால் கட்டிச் சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி விழும் பழைய மதுரைக் கைவேலை. அம்மா மறைந்தபின் ஆண்டுக்கொரு முறை வெயிலில் உலர்த்தி மீண்டும் மடித்து வைப்பதைத் தவிர அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ததில்லை.

மூன்று நாள் பேயானுக்கு விடை சொல்லவில்லை. நான்காம் நாள் பெட்டியைத் திறந்து பார்த்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் துணி இற்றுப்போகத் தொடங்கியிருந்தது. இன்னும் பத்து ஆண்டு காத்து வைத்தால் பொடிதான் மிஞ்சும் என்று தெரிந்தது. கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை. ஓரத்தில் சிறிது கீறி, நூல் வழியே கிழித்தோம். அந்தக் கிழிபடும் ஓசையைக் கேட்கப் பொறாமல் எங்களில் ஒருவர் எழுந்து அடுக்களைக்குள் சென்றுவிட்டார்.

அதன் பிறகுதான் உருவம் பற்றிய விவகாரம். பேயான் தாமரையும் மூலைக்கொரு கல்காவும் மீன்களும் என்று காகிதத்தில் எழுதியே கொண்டுவந்தார். அம்மாவின் புடைவையில் கோலந்தான் இருக்க வேண்டும் என்றோம் நாங்கள். சைவ உணவு உண்ணும் வீட்டில் மீன் எதற்கு என்றும் கேட்டுவிட்டோம். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். மீன் மங்கலப் பொருள் என்று அவர் மெல்லிய குரலில் கூறினார். அன்று தேநீர் அருந்தாமலே புறப்பட்டுப் போனார். மகள் தொலைபேசியில் இரு தரப்பாருக்கும் ஒரே மறுமொழி கூறினாள்: “குழந்தைக்கு வேண்டியது மூத்திரத் துணி, நீங்கள் தைப்பது கொடி!”

ஒரு வாரம் கழித்துப் பேயானே வந்தார். ஒரு சிறு துண்டில் சிக்குக்கோலத்தைத் தைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு வளைவிலும் நூல் இழுத்துத் துணி சுருங்கிற்று. கோடும் கோடும் குறுக்கிடும் இடங்கள் தடித்துப் போயின. கைக்குழந்தையின் தோலுக்கு அது ஆகாது. முடிச்சு உறுத்தக் கூடாது. பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும்படி நீண்ட இழை நிற்கக் கூடாது. தையலுக்கும் தையலுக்கும் இடைவெளி மிகுந்தால் நாலு சலவையில் உள்ளடுக்குத் திரண்டுவிடும். இந்த ஊர் மழைக்காலத்தில் உலர வேண்டுமானால் நான்கு அடுக்குக்கு மேல் போகவும் கூடாது. இவற்றையெல்லாம் பேயான் சொல்லச் சொல்ல, உருவம் என்பது கண்ணுக்காக மட்டும் அல்ல என்பது எங்களுக்கு விளங்கிற்று. அவரும் பட்டிழையால் இதழ்களை நிரப்பும் தம் தாமரையைத் தாமாகவே கைவிட்டார்.

அப்போதுதான் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் இடும் இருதய கமலம் நினைவுக்கு வந்தது. நடுவிலிருந்து எட்டுத் திசையிலும் எட்டு வரிசை. வரிசைக்கு ஐந்து புள்ளி. முதல் வரிசையில் ஒன்றாம் புள்ளி, அடுத்ததில் நான்காம் புள்ளி, பிறகு இரண்டு, ஐந்து, மூன்று, மறுபடி ஒன்று என்று சுற்றிக்கொண்டே போனால், நாற்பது புள்ளியையும் தொட்டுக் கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பும். நூலை அறுக்க வேண்டியதில்லை. கடைசியில் நிற்பதோ எட்டிதழ்த் தாமரை! காகிதத்தில் வரைந்து காட்டியதும் பேயான் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தம் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பின்வாங்கியவர்கள் நாங்களே. பூஜையறைக் கோலத்தைக் குழந்தை நனைக்கும் துணியில் எப்படித் தைப்பது? அம்மா இருந்தால் ஒப்புவாரா? பேயான் நகைத்தார். “வரப்போவது கோபாலன் அல்லவா? அவனுக்கு எது தீட்டு?” என்றார். அதற்கு எங்களிடம் விடை இல்லை. மூலைகளைப் பற்றி வழக்கே எழவில்லை. அவர் கல்கா என்றதை நாங்கள் மாங்காய் என்றோம். ஊசிக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலை தொடங்கிற்று. நீளம் முப்பத்தாறு அங்குலம், அகலம் முப்பது. ஒரு முகம் சுங்குடி, மறுமுகம் சிவப்புக்கரைப் புடைவை, நடுவே இரண்டு அடுக்குப் பழைய வேட்டி. எங்களில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவரே. மற்றவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுப்பதும் ஊசியில் நூல் கோக்க முயன்று தோற்பதும் செய்துவந்தார். மேல்முகம் வெறும் வெள்ளையாக இருந்தால்தான் குறி தெரியும் என்று பேயான் முன்பே எச்சரித்திருந்தார். அரக்கு நிறத்தில் வெள்ளை நூலோட்டம், மெழுகிய தரையில் மாக்கோலம் போலத் துலங்கும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தோம். துலங்கவும் செய்தது. ஆனால் சுண்ணக்கட்டியால் நாங்கள் இட்ட நாற்பது புள்ளிகள், சுங்குடியின் ஆயிரம் புள்ளிகளுக்கிடையே ஒளிந்துகொண்டன. போதாக்குறைக்கு அவர் வங்காளத்தில் எண்ணினார். நாங்கள் தமிழில் எண்ணினோம். கோடு திரும்பி வந்து சேர்ந்தபோது ஒரு புள்ளியில் நூல் இருமுறை சென்றிருந்தது. ஆறாம் வரிசையில் ஒரு புள்ளி தொடுவாரின்றித் தனித்து நின்றது.

பிரிக்கலாமா என்று பார்த்தோம். இழையை உருவிய இடத்தில் பழந்துணி கிழியத் தொடங்கியது. அம்மா கோலத்தில் தவறு நேர்ந்தால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி இடுவார். இங்கே அழிக்க வழி இல்லை. பேசாமல் மடித்து வைத்துவிட்டோம்.

மறுநாள் பேயான் அதைத் தம் வீட்டுக்கு எடுத்துப் போனார். கோலத்தைச் சுற்றிலும் அதன் வளைவையொட்டியே நெருக்கமாக நூலோட்டி, மூலை மாங்காய்களையும் முடித்து, இரண்டு வாரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல காந்தாவில் காணும் நீரலை போன்ற நெளிவு அதில் வந்திருந்தது. ஆறாம் வரிசைக்கு எங்கள் கண் போயிற்று. தனித்து நின்ற புள்ளியைக் கண்ணாக வைத்து, தம் தாயாரின் புடைவைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு இழையால், கட்டைவிரல் அளவில் ஒரு மீனைத் தைத்திருந்தார். அரக்கு முகத்தில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளை முகத்தில் பளிச்சென்று தெரிகிறது. அவரும் ஒன்றும் கூறவில்லை; நாங்களும் கேட்கவில்லை. அன்று தேநீர் மட்டும் இருமுறை அருந்தினார்.

கோபாலனுக்குப் பதிலாக ஒரு பெண் குழந்தை பிறந்தாள். பதினோராம் நாள் அந்த விரிப்பில் அவளைக் கிடத்தினோம். அரைமணி நேரத்துக்குள் கமலத்தின் நட்டநடுவே நனைத்துவிட்டாள். துவைத்த பேயான் மொட்டைமாடிக் கொடியில் வெள்ளை முகம் வெளியே தெரியும்படி உலர்த்தியிருக்கிறார். மாலையில் எடுத்து மடிக்கப் போன நாங்கள், இன்னும் ஈரம் இருக்கவே, அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.