யார் ஆக்கிய கூத்து?

நாடக நிகழ்ச்சித் தாள் ஒன்றை அச்சகத்துக்குக் கொடுக்கும்போது அதில் நிரப்பவேண்டிய இடங்கள் சில உண்டு. நாடகத்தின் பெயர், நடிகர்களின் பெயர்கள், ஒலி, ஒளி, ஒப்பனை என அவை வரிசையாக வரும். இவற்றிற்கெல்லாம் மேலே 'ஆக்கம்' என்ற ஒரு சொல்லும் அதன் எதிரே ஒரு வெற்றிடமும் இருக்கும். ஒருகொடவத்தையில் எங்கள் தோட்டத்து மக்கள் சேர்ந்து உருவாக்கிய இசைக்கூத்து மேடையேறுவதற்கு ஒரு வாரம் இருக்கையில், அந்த வெற்றிடத்தில் என் பெயரை எழுதிவிட்டுப் பின்னர் நானே அதனை வெட்டினேன். அவ்வாறு வெட்ட நேர்ந்த கதையையே இக்கட்டுரையிற் கூற விழைகிறேன்.

கொழும்புத் தமிழர் என்றதும் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நினைவுகூர்வோர் ஒருகொடவத்தையை நினைப்பதில்லை. பேஸ்லைன் வீதி அவிசாவளை வீதியைச் சந்திக்கும் அச்சந்தியைக் கொள்கலன் லொறிகள் நிற்கும் இடமாகவே பலரும் அறிவர். ஆயினும் அந்த லொறிகளுக்குப் பின்னால், ஒழுங்கைகளுக்குள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கின்றனர். தோட்டம் என்று நாம் அழைப்பது இவ்வாறான குடியிருப்பையே. என் அப்பாயி மலையகத்தில் ஒரு தோட்டத்திற் பிறந்து, கொழும்பில் இன்னொரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். "பேரு மட்டுந்தான் தோட்டம், ரெண்டுலயும் நமக்குன்னு ஒரு மரம் இல்ல" என்பார் அவர்.

2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தது. கொலொன்னாவை, வெல்லம்பிட்டி ஆகிய பகுதிகளோடு எங்கள் ஒழுங்கையும் நீருள் மூழ்கிற்று. நான் அப்போது பாடசாலை மாணவன். நீர் வடிந்தபின் வீட்டுக்குள் நுழைந்தபோது எழுந்த சேற்று மணம் இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை. பல்கலைக்கழகம் புகுந்து அரங்கியலை ஒரு பாடமாகக் கற்கத் தொடங்கியதும், அந்த வெள்ளத்தை ஓர் இசைக்கூத்தாக்க வேண்டும் என்ற ஆசை என்னுள் எழுந்தது.

அந்த ஆசைக்கு வித்திட்டது பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணிபற்றிய படிப்பு. 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை அவர் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடைக்கென ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. அடுத்து 'நொண்டி நாடகம்', அதன்பின் 1960களின் நடுவில் வடமோடிப் பாணியிற் புதிதாக ஆக்கப்பட்ட 'இராவணேசன்', 1967இல் 'வாலிவதை' என அம்முயற்சி தொடர்ந்தது. இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்திற் பேராசிரியராகி, அந்நாடகத்தை மட்டக்களப்பில் மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தார். இவற்றையெல்லாம் படித்த எனக்கு, பல்கலைக்கழகத்தார் ஒருவர் கிராமத்துக்குப் போனாற் கலை பிறந்துவிடும் என்ற மயக்கம் ஏற்பட்டதில் வியப்பில்லை. அதிலும் நான் எங்கும் போகவேண்டியதில்லை. கிராமம் என் வீட்டு வாசலிலேயே இருந்தது.

இரண்டு மாதம் இருந்து ஒரு கொப்பி நிறைய எழுதினேன். கங்கையைத் தாயாகவும் வெள்ளத்தைச் சீற்றமாகவும் உருவகித்து, விருத்தங்களும் தருக்களும் அமைத்தேன். ஒரு ஞாயிறு மாலை, கோயிலை அடுத்த சிறு மண்டபத்தில் அயலவரைக் கூட்டி அதனை வாசித்தேன். முக்கால் மணி நேரம் அமைதியாகவே கேட்டனர். அவ்வமைதியைப் பாராட்டென்றே நான் கருதினேன். வாசித்து முடித்ததும் மாநகர சபையில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மெல்ல எழுந்தார். இளமையில் மலையகத்திற் காமன் கூத்துக்குத் தப்பு அடித்தவர் அவர்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா இதுல நம்ம வீட்டுக்குள்ள வந்த தண்ணி இல்லியே" என்றார்.

அன்றிரவு எனக்கு அவர்மேற் கோபமே வந்தது. மறுநாட் காலையிற் கொப்பியைப் புரட்டியபோது அவர் சொன்னது உண்மை என்பதை மறுக்க முடியவில்லை. நான் எழுதிய வெள்ளம் எந்த நாட்டில், எந்த ஆற்றிலும் வரக்கூடியது.

பின்னர் வித்தியானந்தனின் பணியை மறுபடியும் படித்தேன். முதல் வாசிப்பில் நான் தாண்டிச்சென்ற பெயர் ஒன்று இப்போது கண்ணிற் பட்டது. அம்மாணவருக்கு ஆட்டமும் தாளக்கட்டும் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். அவரது மத்தளமின்றி அந்த மேடையேற்றங்கள் இல்லை. சிங்கள அரங்கிலும் இதுவே நிலை. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திராவின் 'மனமே' 1956 நவம்பரிற் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியபோது, அதற்கு நாடகம மரபின் பாட்டையும் ஆட்டத்தையும் வழங்கியவர் அம்பலாங்கொடையைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே. அந்த நாடகம மரபோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. அதன் முன்னோடியாகப் போற்றப்படும் பிலிப்பு சிஞ்ஞோ கொழும்பைச் சேர்ந்த ஒரு கொல்லர். இரும்பு அடித்த ஒருவர் தமிழ் மெட்டைச் சிங்களத்துக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து அது பேராதனைக்குச் சென்று, தமிழ்ப் பேராசிரியர் ஒருவருக்கு உந்துதலாயிற்று. கலை இவ்வாறு கைமாறி வளர்வது. தனி ஒருவரின் மேசையில் அது முழுமையாகப் பிறப்பதில்லை.

ஆகவே கொப்பியை மூடி வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு வேறு விதமாகத் தொடங்கினோம். ஒவ்வொருவரும் தண்ணீர் கொண்டுபோன ஒரு பொருளின் பெயரைச் சொல்லவேண்டும் என்றேன். தையல் மெசின் என்றார் ஒருவர். பிறப்புச் சான்றிதழ் என்றார் இன்னொருவர். மகளின் கலியாணத்துக்கென வாங்கிவைத்த சீலை, பாதி கட்டுப்பணம் கட்டிய குளிர்சாதனப் பெட்டி, இரண்டு கோழிகள், கணிதக் கொப்பி எனப் பட்டியல் நீண்டது. பெரியவர் தம் விரல்களாற் கதிரையின் கைப்பிடியிற் தட்டத் தொடங்கினார். அப்பெயர்களே அத்தாளத்தில் அமர்ந்து முதலாவது பாட்டாயின. அதில் நான் சேர்த்தது ஒரு சொல்லும் இல்லை.

இவ்வாறே மற்றப் பாட்டுகளும் பிறந்தன. வெள்ளத்தின்போது எவரிடமிருந்தோ வள்ளம் ஒன்றைப் பெற்றுவந்து மூன்று சமயத்தாரையும் ஏற்றிச்சென்ற முஸ்லிம் லொறிச் சாரதி, தம் பாத்திரத்தைத் தாமே ஆட முன்வந்தார். எதிர்வீட்டுச் சிங்கள இளைஞன், கூரைமேல் இருந்தோருக்கு உணவுப் பொதி வீசும் காட்சிக்குத் தன் பாட்டனிடம் கேட்ட கவி மெட்டொன்றைத் தந்தான். அதன் சொற்கள் சிங்களமாகவே இருக்கட்டும் என்று பெண்கள் கூறினர். அன்று அப்பொதிகள் வந்தபோது கேட்ட குரல் அந்த மொழியில்தான் இருந்ததாம்.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினாற் பொய்யாகும். தப்பு வேண்டாம் என்று இளைஞர் சிலர் பிடிவாதமாக நின்றனர். "செத்த வீட்டு மேளத்தைக் கம்பஸ் ஆக்கள் முன்னால அடிச்சா நம்மள என்னன்னு நெனைப்பாங்க?" என்பது அவர்களது வாதம். அவ்வாதத்தின் பின்னால் இருந்த சாதிக் காயத்தை நான் அறிவேன். என் வீட்டிலும் அது உண்டு. 1968இல் மாவிட்டபுரத்தில் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டத்தைக் கருவாகக் கொண்ட என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை', காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேறியதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். என் விரிவுரை எடுபடவில்லை. பெரியவர்தான், "பெரட்டுக்குக் கூப்பிட்டதும் இதுதான், காமனுக்கு அடிச்சதும் இதுதான், சாவுக்கு அடிச்சதும் இதுதான். தப்புக்கு எல்லாம் ஒண்ணு, பேரு வச்சது மனுசன்" என்று கூறி, மண்டபத்தின் பின்னால் பழைய பத்திரிகைகளைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி அடித்துக் காட்டினார். இருவர் அன்றே கற்க வந்தனர். ஒருவன் கடைசிவரை வரவில்லை. அவனை நான் குறைகூற மாட்டேன்.

இனி, என்னாற் நேர்ந்த தவறுக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கையில் வாழும் ஓர் அக்காவின் கணவர், வெள்ளம் வடிந்த சில வாரங்களிற் காய்ச்சல் கண்டு இறந்தார். அவரது சாவீட்டில் அக்கா பாடிய ஒப்பாரியை அன்று சிறுவனாய் நின்று கேட்டிருந்தேன். அதன் அடிகள் என் நினைவில் தங்கியிருந்தன. கூத்தின் இறுதிப் பகுதிக்கு அவற்றையே எழுதி, பாடக்கூடிய ஒரு மாணவியிடம் கொடுத்தேன். அக்காவிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒத்திகை ஒன்றின்போது அவர் வாசலில் வந்து நின்றதையும் நான் காணவில்லை. பாட்டு நடுவில் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். அவர் போய்விட்டிருந்தார்.

மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். தேநீர் தந்தார், ஏசவில்லை. "அது நான் அவருக்குப் பாடினது தம்பி. டிக்கட் எடுத்து வாறவங்களுக்குப் பாடினதில்ல" என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்துக்கு எந்த அரங்கியல் நூலிலிருந்தும் என்னால் மறுமொழி கூற முடியவில்லை.

நடந்ததைப் பெரியவரிடம் சொன்னேன். காமன் கூத்தில், சிவனால் எரிக்கப்பட்ட மன்மதனுக்காக ரதி அழும் கட்டத்தை அவர் நினைவுபடுத்தினார். "ரதி அழுகிறது ஊருக்காக. அதை யாரும் பாடலாம். அந்தப் புள்ள அழுதது வீட்டுக்காக" என்றார். பொதுச்சொத்து எது, ஒருவரது தனித்துயர் எது என்ற எல்லையை, கற்ற நான் காணவில்லை; கல்லாதவர் எனப்படும் அவர் கண்டார். நாட்டாரிலக்கியத்தைச் சேகரிக்க ஒலிப்பதிவுக் கருவியோடு புறப்படும் நாம் யாவரும் இதனைச் சிந்திக்கவேண்டும் என்றே கருதுகிறேன்.

ஒப்பாரியை எடுத்துவிட்டோம். அவ்விடத்தில் ரதியின் பாட்டையும் வைக்கவில்லை. தப்பு, ஆர்மோனியம், சல்லரி யாவும் நிற்க, எல்லோரும் அசையாது நிற்பது என முடிவாயிற்று. கடைசி ஒத்திகைக்கு அக்காவை அழைத்தேன். வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. பின்வரிசையில் வந்து அமர்ந்து முழுவதையும் பார்த்தார். முடிந்ததும், "மேளம் நிக்கிற நேரம் காணாது. இன்னுங் கொஞ்சம் விடணும்" என்றார். விட்டோம். மேடையேறிய இரவில், லொறிகள் அகற்றப்பட்ட வெற்று நிலத்திற் கூடியிருந்த அயலவர் அனைவரும் அவ்வளவு நேரமும் மௌனமாக இருந்தனர். கூத்து முழுவதிலும் மிக வலிமையான இடம் அதுவே என்று பலரும் சொன்னார்கள். அதனை அமைத்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்த ஒத்திகை முடிந்த இரவிற்றான் நிகழ்ச்சித் தாளின் வெற்றிடம் என் முன்னே இருந்தது. பழக்கதோஷத்தால் என் பெயரை எழுதினேன். எழுதியபின் என் மனம் கணக்குப் பார்த்தது. பொருள்களின் பெயர்கள் அயலவருடையவை, தாளம் பெரியவருடையது, கவி மெட்டு ஒரு சிங்களப் பாட்டனுடையது, மௌனம் அக்காவுடையது. எனது என்று சொல்ல எஞ்சியது, அவற்றை ஒழுங்காக எழுதிக்கொண்ட வேலை. பெயரை வெட்டி, யார் எதைத் தந்தார் என்பதை வரிசையாக எழுதினேன். தாள் போதவில்லை, பின்பக்கத்தையும் அச்சிட்டோம். அக்கா தம் பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை. நடுவில் ஓரிடத்தில் 'கொப்பி எழுதியவர்' என்று என் பெயரும் வந்தது.

செல்லையா அண்ணாவியாரின் பெயரும் குணசிங்க குருநான்சேயின் பெயரும் வரலாற்றில் நிற்பதற்கு, அவர்களோடு பணியாற்றிய பேராசிரியர்களின் நேர்மையும் ஒரு காரணமாகும். ஆனால் பெயரின்றிப் போன அண்ணாவிமார் எத்தனை பேர்! அவர்களின் மெட்டுகளைப் 'பாரம்பரியம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. அடுத்த ஆண்டு இத்தகைய முயற்சியில் இறங்கும் தம்பி தங்கையருக்கு நான் கூறக்கூடியது ஒன்றே. மக்களிடம் எதைப் பெறலாம் என்று கேட்குமுன், எதைப் பெறக்கூடாது என்று கேளுங்கள். அதைக் கேட்டு அறிந்தபின்பே எங்கள் கூத்து எங்கள் ஊரின் கூத்தாயிற்று.